மருத்துவர் விதிப்பாரா, பரிந்துரைப்பாரா, எழுதிக்கொடுப்பாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கத் தொடங்கியவன் நான். இப்போது மருத்துவமனைக் கையேடுகள், கல்லூரி விதிப் புத்தகங்கள், படிவங்களின் மொழிபெயர்ப்புகள் என்று கைக்கு வருவதையெல்லாம் திருத்திக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஓயாமல் தலைகாட்டும் ஆங்கில வினை ஒன்று உண்டு: பிரிஸ்கிரைப். மருத்துவர் மருந்து எழுதினாலும் அதே வினை, சட்டம் ஒரு நெறியை வகுத்தாலும் அதே வினை. தமிழில் அப்படி ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊரையே சுற்றி வர முடியாது. இளம் மொழிபெயர்ப்பாளர்களும் ஆசிரியர்களும் மருந்துக் கடை நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: ஆங்கிலத்தில் மட்டும் மருந்துக்கும் சட்டத்துக்கும் எப்படி ஒரே வினை வந்தது?

அந்தச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'ப்ரே' என்றால் முன். 'ஸ்க்ரீபெரே' என்றால் எழுதுதல். முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். இனிமேல் செய்ய வேண்டியதை ஒருவர் முன்னால் எழுதிவைக்கிறார், மற்றவர் அதன்படி நடக்கிறார். எழுதியவர் அரசராக இருந்தால் அது ஆணை, மருத்துவராக இருந்தால் சிகிச்சை.

நம்மிடமும் முன்பே எழுதிவைக்கும் எண்ணம் இல்லாமல் இல்லை. தலையெழுத்து என்கிறோம், அதையே விதி என்றும் சொல்கிறோம். ஆனால் மருந்துக்கு அந்தச் சொல்லைத் தமிழர்கள் கொண்டுபோகவில்லை. நல்லதாகப் போயிற்று. மருத்துவரின் கையெழுத்தைப் பார்த்தாலே பாதிப் பேருக்குத் தலையெழுத்து நினைவுக்கு வந்துவிடுகிறது.

கேள்வி: 'மருத்துவர் மருந்து பரிந்துரைத்தார்' என்று எல்லா நாளிதழ்களும் எழுதுகின்றன. அது சரிதானே?

வழக்கில் நிலைத்துவிட்டது. தவறு என்று அடிக்க மாட்டேன். ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பரிதல் என்றால் இரக்கப்படுதல், ஒருவர் பக்கம் நிற்றல். 'அவனுக்காகப் பரிந்து பேசினார்' என்று இன்றும் சொல்கிறோம். பரிந்து உரைப்பதே பரிந்துரை. வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குகிறோம். ஊதியக் குழு பரிந்துரை செய்கிறது. உச்ச நீதிமன்றக் கொலீஜியம் நீதிபதிகளாக நியமிக்கச் சிலர் பெயர்களைப் பரிந்துரைக்கிறது. மத்திய அரசு அவற்றில் சிலவற்றைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. இந்த இடங்களிலெல்லாம் சொல்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். கேட்பவர் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். அந்தத் தளர்வு இந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

மருந்து விஷயத்தில் இது எங்கே இடிக்கும் என்பதை என் தெருவிலேயே பார்த்தேன். அடுத்த வீட்டு அம்மையாருக்கு ஒரு மருத்துவமனையில் கொடுத்த தாளில், 'பரிந்துரைக்கப்பட்ட காலம் வரை மாத்திரைகளைத் தொடரவும்' என்று அச்சிட்டிருந்தார்கள். ஏழு நாள் சாப்பிட வேண்டிய ஆன்டிபயாடிக் அது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, மாத்திரையையும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன். 'பரிந்துரைதானே? கட்டாயம் என்று போடவில்லையே' என்றார். ஒரு மெய்ப்புத் திருத்துநருக்குப் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அவர் சொன்ன பதிலில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. பிழை தாளில் இருந்தது. 'மருத்துவர் எழுதிக்கொடுத்த ஏழு நாளும் மாத்திரை சாப்பிடுங்கள். காய்ச்சல் நின்றுவிட்டாலும் நிறுத்தாதீர்கள்' என்று அச்சிட்டிருந்தால் அவர் முடித்திருப்பார்.

ஆகவே என் வழக்கம் இது. செய்தியில், கட்டுரையில், பொதுவாகப் பேசும் இடத்தில் 'பரிந்துரைத்தார்' இருக்கட்டும். நோயாளி கையில் போகும் தாளில் அந்தச் சொல்லை நான் அனுமதிப்பதில்லை.

கேள்வி: 'எழுதிக்கொடுத்தார்' பேச்சுவழக்கு ஆயிற்றே? அச்சில் வரலாமா?

தாராளமாக வரலாம். 'எழுதிக்கொடுத்தார்' முழுமையான எழுத்துத் தமிழ் வினை. 'எழுதிக் குடுத்தார்' என்றால்தான் பேச்சு. எளிமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லைக் கொச்சை என்று ஒதுக்குவது நம்மிடம் உள்ள பழைய நோய். அதற்கு யாரும் இன்னும் மருந்து எழுதிக்கொடுக்கவில்லை.

இந்த வினையின் வளத்தைப் பாருங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு காலை வேளையில் போய், ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்பவர்கள் பேசுவதைக் கவனித்தால் போதும்:

'டாக்டர் மூன்று மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார்.'
'ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார், இன்னும் எடுக்கவில்லை.'
'கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்தார்.'
'வெளியே வாங்கச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.'
'அப்பாவால் வர முடியாது. நான்தான் போய் மருந்து எழுதி வாங்கிவந்தேன்.'

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். 'எழுதிக்கொடு' மருத்துவர் பக்கத்து வினை, 'எழுதி வாங்கு' நோயாளி பக்கத்து வினை. ஆங்கிலத்தில் நோயாளியின் பக்கத்துக்கென்று இப்படி ஒரு வினை கிடையாது. செயப்பாட்டு வினையில் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். லத்தீனில் இருந்த 'எழுதுதல்' என்ற கருவும் இந்தத் தமிழ் வினைக்குள் அப்படியே இருக்கிறது. யாரும் லத்தீன் பார்த்து மொழிபெயர்த்ததல்ல; சீட்டு எழுதும் கையைப் பார்த்து மக்கள் ஆக்கிக்கொண்டது.

எழுதாமல் வாயால் சொன்னால் 'சொன்னார்' போதும். 'தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்.' 'உப்பைக் குறைக்கச் சொன்னார்.' 'மூன்று நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்.' இவற்றை 'நடைப்பயிற்சியைப் பரிந்துரைத்தார்' என்று எழுதினாலும் பொருள் மாறாது, ஆனால் வாக்கியம் கஞ்சி போட்ட சட்டைபோல விறைத்து நிற்கும்.

கேள்வி: ஒரே பத்தியில் ஆங்கிலத்தின் 'ரெகமெண்ட்', 'பிரிஸ்கிரைப்' இரண்டும் வந்தால்?

அப்போதுதான் பரிந்துரையைச் சிக்கனமாகச் செலவழித்ததன் பலன் தெரியும். முதலாவதற்குப் 'பரிந்துரைத்தார்', இரண்டாவதற்கு 'எழுதிக்கொடுத்தார்'. 'நடைப்பயிற்சியைப் பரிந்துரைத்தார், சர்க்கரைக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.' இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்ட மொழிபெயர்ப்பைப் படிப்பவருக்கு எது கட்டாயம், எது யோசனை என்று தெரியாமல் போய்விடும்.

கேள்வி: 'விதித்தார்' என்பதை எங்கே பயன்படுத்தலாம்? மருத்துவருக்கே பொருந்தாதா?

பெரும்பாலும் பொருந்தாது, ஓர் இடம் தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

'விதி' என்ற வினை எந்தப் பெயர்ச்சொற்களோடு சேர்கிறது என்று பட்டியலிட்டுப் பார்த்தேன்: வரி, அபராதம், தண்டனை, தடை, நிபந்தனை, கட்டுப்பாடு, சுங்கம், கெடு. எல்லாமே யாரோ ஒருவர் தலையில் ஏற்றும் சுமை. பரிசு விதித்தார் என்று யாரும் சொல்வதில்லை, ஓய்வூதியம் விதித்தார்கள் என்றும் சொல்வதில்லை. எனவே, 'மருத்துவர் இருமல் மருந்து விதித்தார்' என்று படித்தவுடன் சிரிப்பு வருகிறது. அந்த மருந்து எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அது தண்டனை அல்லவே.

ஆனால் 'மருத்துவர் அவருக்கு உணவுக் கட்டுப்பாடு விதித்தார்' என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 'ஊறுகாய்க்குத் தடை விதித்துவிட்டார்' என்றாலும் சரிதான். கட்டுப்பாடும் தடையும் சுமைகள் என்பதால் வினை இயல்பாக வந்து ஒட்டிக்கொள்கிறது. மருந்தைக் கொடுக்கும்போது விதிக்காத மருத்துவர், ஊறுகாயைப் பிடுங்கும்போது விதிக்கிறார்.

வேற்றுமையையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுமப்பவருக்கு நான்காம் வேற்றுமை, அதாவது 'கு' உருபு: 'ஓட்டுநருக்கு அபராதம் விதித்தார்', 'இறக்குமதிப் பொருள்களுக்கு வரி விதித்தது.' சில இடங்களில் 'மீது' வரும்: 'நிறுவனத்தின் மீது வரி விதித்தது.' தண்டனைக்கு 'மீது' வராது. 'குற்றவாளியின் மீது தண்டனை விதித்தார்' என்ற வாக்கியம் வாரம் ஒருமுறையாவது என் மேசைக்கு வருகிறது. 'குற்றவாளிக்கு' என்று மாற்றி அனுப்புகிறேன்.

கேள்வி: 'நிர்ணயித்தல்' என்பதும் இதே பொருள்தானா?

இல்லை. தலைக்கவசத்தை எடுத்துக்கொள்வோம். தலைக்கவசம் இல்லாமல் இரு சக்கர வாகனம் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. தொகையை நிர்ணயித்தது சட்டம். அண்ணா சாலை சிக்னலில் உங்களை ஓரங்கட்டி அந்த அபராதத்தை விதிப்பவர் போக்குவரத்துக் காவலர். சட்டம் எல்லாருக்கும் பொதுவாக நிர்ணயிக்கிறது, அதிகாரி ஓர் ஆளுக்கு விதிக்கிறார். ஆங்கில மூலத்தில் 'சட்டம் பிரிஸ்கிரைப் செய்யும் அபராதம்' என்று வந்தால் 'சட்டம் நிர்ணயித்த அபராதம்' என்பதே பொருத்தம்.

தொகை, வயது, தேதி, அளவு போன்ற எண்ணால் சொல்லக்கூடியவற்றுக்கு 'நிர்ணயி' நன்றாக உதவும். வடமொழிச் சொல் வேண்டாம் என்பவர்கள் 'வரையறு' என்று எழுதலாம்.

கேள்வி: சட்டப் புத்தகங்களில் 'வகுத்துரைக்கப்பட்ட' என்று வருகிறதே, அது என்ன?

அது சட்டமொழிக்கென்றே ஆக்கிக்கொண்ட சொல். அதைத் தொடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ சட்டம் இயற்றும்போது எல்லா விவரத்தையும் அதிலேயே எழுதுவதில்லை. எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எத்தனை பிரதி என்பனவற்றையெல்லாம் பிறகு அரசு விதிகளாக வகுத்துக்கொள்ளும்படி விட்டுவிடுவார்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். மனுவோடு கட்டணம் செலுத்த வேண்டும் என்று அதன் 6-ஆம் பிரிவு சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. 'வகுத்துரைக்கப்படும் கட்டணம்' என்ற பொருளில் நிறுத்திவிடுகிறது. மத்திய அரசு வகுத்த விதிகளில்தான் 10 ரூபாய் என்ற தொகை வருகிறது. அந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவும் இதைத் தெளிவாக்குகிறது: வகுத்துரைக்கப்பட்டது என்றால், இந்தச் சட்டத்தின்கீழ் செய்யப்பட்ட விதிகளால் வகுத்துரைக்கப்பட்டது என்று பொருள்.

எனவே சட்ட மொழிபெயர்ப்பில் ஓர் இடத்தில் 'வகுத்துரைக்கப்பட்ட', இன்னோர் இடத்தில் 'குறிப்பிட்ட', மூன்றாவது இடத்தில் 'பரிந்துரைக்கப்பட்ட' என்று அழகுக்காக மாற்றிக்கொண்டிருந்தால், வழக்கறிஞர்கள் அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு மூன்று வாய்தா வாதாடுவார்கள். உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைப் பக்கம் பழக்கம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'குறித்துரைக்கப்பட்ட' என்பது தனிச் சொல். வெளிப்படையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது என்பது அதன் பொருள். அதையும் இதோடு குழப்பக் கூடாது. இலங்கைச் சட்டங்களின் தமிழில் இதே இடத்தில் 'விதித்துரைக்கப்பட்ட' என்று எழுதுகிறார்கள். அங்கே அனுப்பும் மொழிபெயர்ப்பு என்றால் அவர்கள் வழக்கைப் பின்பற்றுங்கள்.

அலுவலகக் கவுன்டரில் தொங்கவிடும் அறிவிப்புப் பலகைக்கு இந்தச் சொல் வேண்டாம். 'வகுத்துரைக்கப்பட்ட படிவத்தில் விண்ணப்பிக்கவும்' என்று பார்த்தால், அப்படி ஒரு படிவத்தின் பெயரே அதுதான் என்று நினைத்து அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். 'உரிய படிவத்தில் விண்ணப்பிக்கவும்' போதும். 'உரிய' என்ற அந்த மூன்றெழுத்துச் சொல் எத்தனை சுமையைத் தூக்குகிறது பாருங்கள்.

கேள்வி: 'பல்கலைக்கழகம் பரிந்துரைத்த பாடநூல்' என்பது சரியா?

எந்தப் பொருளில் என்பதைப் பொறுத்தது. படித்தே ஆக வேண்டிய, தேர்வில் கேள்வி வரும் நூல் என்றால் 'பாடமாக வைக்கப்பட்ட நூல்'. 'அந்தச் சிறுகதைத் தொகுப்பை இந்த ஆண்டு பி.ஏ. வகுப்புக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள்' என்றுதான் ஆசிரியர்களும் மாணவர்களும் பேசுகிறார்கள். வைத்தல் என்ற எளிய வினை அந்த வேலையைப் பல காலமாகச் செய்துவருகிறது. கூடுதலாகப் படிக்கலாம் என்று சொல்லும் நூல்களைப் 'பரிந்துரைத்த நூல்கள்' அல்லது 'பார்வை நூல்கள்' என்று குறிக்கலாம்.

ஒரு கல்லூரியின் பாடத்திட்டக் கையேட்டில் இரண்டையும் 'பரிந்துரை நூல்கள்' என்ற தலைப்பில் போட்டுவிட்டார்கள். மாணவர்கள் எந்த வழியில் அதைப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

கேள்வி: 'மருந்துக்கு, நோய்க்கு, நோயாளிக்கு' என்று எல்லாவற்றுக்கும் 'கு' வருகிறதே. வாக்கியம் குழம்பாதா?

தமிழ் வாசகர் குழம்ப மாட்டார்; வரிசை சரியாக இருந்தால் போதும். முதலில் ஆள், பிறகு நோய், பிறகு மருந்து, கடைசியில் வினை: 'என் தாயாருக்கு ரத்தக் கொதிப்புக்கு ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார்.' இரண்டு 'கு' அடுத்தடுத்து வருவது உறுத்தினால், 'ரத்தக் கொதிப்பைக் குறைக்க' என்று ஒன்றை விரிக்கலாம்.

'காக' என்பதைப் போட்டு அலங்கரிப்பதில்தான் வம்பு இருக்கிறது. 'தாயாருக்காக மருந்து எழுதினார்' என்றால், தாயார் செய்ய வேண்டிய வேலையை மருத்துவர் செய்ததுபோல ஆகிவிடும். 'தாயாருக்காக நான் மருந்து எழுதி வாங்கினேன்' என்பது சரி, அவர் வர முடியாததால் நான் போனேன்.

'ஐ' உருபைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏதோ ஒரு மருந்து என்றால் உருபு வேண்டாம்: 'மருந்து எழுதிக்கொடுத்தார்.' இன்ன மருந்து என்று தெரிந்திருந்தால் வேண்டும்: 'அந்த மருந்தைத்தான் மறுபடியும் எழுதிக்கொடுத்தார்.'

கேள்வி: செயப்பாட்டு வினை? 'எழுதிக்கொடுக்கப்பட்டது' விகாரமாக இருக்கிறதே.

விகாரம்தான். எழுதாதீர்கள். 'அபராதம் விதிக்கப்பட்டது', 'தடை விதிக்கப்பட்டுள்ளது' என்பவை இயல்பாக இருக்கின்றன. விதித்தவர் யார் என்பதைவிட விதித்த சுமையே அங்கே செய்தி. 'இன்சுலின் பரிந்துரைக்கப்பட்டது' என்பது மருத்துவ அறிக்கையில் செல்லும். 'எழுதிக்கொடு' மட்டும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள மறுக்கிறது.

யார் எழுதினார் என்று சொல்ல விரும்பாவிட்டால் தமிழில் வேறு வழி இருக்கிறது. எழுவாயை விட்டுவிட்டு வினையைப் பலர்பாலில் முடியுங்கள்: 'ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்தார்கள்.' 'நேற்றே மருந்தை மாற்றிவிட்டார்கள்.' ஆங்கிலம் செயப்பாட்டு வினையால் செய்வதில் பாதியை இந்த 'ஆர்கள்' விகுதி செய்துவிடும்.

கேள்வி: மருந்துக் கடைக்காரர் 'பரிந்துரைத்தார்' என்று எழுதலாமா?

சட்டம் பார்த்து எழுதுங்கள். 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'எச்' அட்டவணை என்று ஒன்று உண்டு. அதில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் சில்லறையில் விற்கலாம். பெட்டியின் மேலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். பிறகு 2013-ல் 'எச்1' என்ற கூடுதல் அட்டவணையை அறிவித்து, 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வீரியம் மிகுந்த பல ஆன்டிபயாடிக்குகள் அதில் இருக்கின்றன. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவரின் பெயர், நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே மருந்து எழுதிக்கொடுப்பது மருத்துவரின் வேலை, அந்தச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது மருந்தாளுநரின் வேலை. 'மருந்தாளுநர் ஆன்டிபயாடிக் பரிந்துரைத்தார்' என்று எழுதினால், தெரியாமலே அவர்மீது ஒரு குற்றத்தைச் சுமத்துகிறீர்கள். 'தைலம் ஒன்று கொடுத்தார்', 'மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்' என்று எழுதலாம்.

சீட்டின் தலைப்பில் ஆங்கில 'ஆர்' எழுத்தின் காலில் குறுக்குக்கோடு போட்டு ஒரு குறி இருக்குமே, அது 'ரெசிபே' என்ற லத்தீன் ஏவல் வினையின் சுருக்கம். 'எடுத்துக்கொள்' என்று பொருள். அந்தக் காலத்தில் மருந்து கலப்பவருக்கு இட்ட கட்டளை அது. பரிந்துரையைவிட எழுதிக்கொடுத்தலே பொருத்தம் என்று நான் வாதாடும்போது இந்தக் குறியும் என் பக்கம் சாட்சி சொல்லும்.

கேள்வி: சித்த மருத்துவத்தில் எந்த வினை?

அரும்பாக்கத்தில் உள்ள அறிஞர் அண்ணா இந்திய மருத்துவமனைக்கோ, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ போய் வந்தவர்களைக் கேளுங்கள். 'சூரணம் கொடுத்தார், தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார், புளி கூடாது என்று பத்தியம் சொன்னார்' என்பார்கள். கொடுத்தல், சொல்லுதல் இந்த இரண்டே போதும். பத்தியம் இருப்பது நோயாளி, பத்தியம் சொல்வது வைத்தியர். 'பத்தியத்தைப் பரிந்துரைத்தார்' என்பது வேட்டிமேல் டை கட்டியதுபோல இருக்கிறது.

கேள்வி: 'பிரிஸ்கிரைப்', 'புரோஸ்கிரைப்' இரண்டும் ஒன்றா?

ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு, பொருள் தலைகீழாகிவிடும். இரண்டாவது, தடை செய்தலைக் குறிக்கும். கி.மு. 82-ல் ரோமில் ஆட்சியைப் பிடித்த தளபதி சுல்லா தன் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் ஒட்டச் செய்தான். பட்டியலில் இருப்பவரைக் கொல்லலாம், சொத்தைப் பறிக்கலாம். அந்தப் பகிரங்க எழுத்திலிருந்து தடைப் பொருள் வளர்ந்தது. அங்கும் எழுதுதல்தான் வேர்.

தமிழில் இந்த எதிர்ச்சோடி அழகாக இருக்கிறது. அறம் எது என்று சொல்லவந்த பரிமேலழகர், 'விதித்தன செய்தலும் விலக்கியன ஒழிதலும்' என்கிறார். விதித்தலும் விலக்கலும் எதிரெதிராக நிற்கின்றன. பழைய நூல் நடையிலும் சமய நூல் மொழிபெயர்ப்பிலும் இந்தச் சோடியை எடுத்துக்கொள்ளலாம்: 'நூல்கள் விதித்த ஒழுக்கம்', 'நூல்கள் விலக்கிய உணவு'. இங்கே 'விதி' சுமை என்ற பொருளில் இல்லாமல் நெறி என்ற பொருளில் வருகிறது. செய்தி நடையில் 'விலக்கியது' என்பதற்குப் பதில் 'தடை செய்தது' என்று எழுதுங்கள்.

கேள்வி: 'சங்கம் விதித்துள்ள விதிகள்' என்பதில் என்ன தவறு?

காதில் விழவில்லையா? விதியை விதிக்க முடியாது. விதியை வகுப்பார்கள், கட்டுப்பாட்டை விதிப்பார்கள். 'குடியிருப்போர் சங்கம் வகுத்த விதிகளின்படி, இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கப்பட்டுள்ளது.' ஒரு வாக்கியத்தில் இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றன.

கேள்வி: நிலப் பத்திரத்தில் 'பிரிஸ்கிரிப்ஷன்' என்று வந்தால்?

மருந்துச் சீட்டு என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், அப்படி ஒரு வரைவை நான் திருத்தியிருக்கிறேன். 'இந்த வழிமீது உரிமையாளருக்கு மருந்துச் சீட்டால் வந்த உரிமை உண்டு' என்று இருந்தது. சட்டத்தில் அந்தச் சொல் நெடுங்கால அனுபவத்தால் வரும் உரிமையைக் குறிக்கும். 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, ஒருவர் பிறர் நிலத்தின் வழியே 20 ஆண்டுகள் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையோடு நடந்து வந்திருந்தால் அந்த வழி அவருக்கு உரிமையாகிவிடும். நிலம் அரசுக்குச் சொந்தமானால் 30 ஆண்டுகள். 'நெடுங்கால அனுபவத்தால் ஏற்பட்ட வழியுரிமை' என்று எழுதினால் பத்திர எழுத்தருக்கும் புரியும், வாங்குபவருக்கும் புரியும்.

கேள்வி: எழுத்துப்பிழைகள்?

'பரிந்துரைந்தார்' தவறு, 'பரிந்துரைத்தார்' சரி. 'மருந்துச் சீட்டு', 'பரிந்துரைச் சீட்டு' இரண்டிலும் 'ச்' வேண்டும். 'எழுதிக்கொடுத்தார்' என்று சேர்த்தும் எழுதலாம், பிரித்தும் எழுதலாம். ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். மருத்துவரும் நீதிபதியும் 'ஆர்' விகுதியில் முடிவார்கள். குழுவும் அரசும் நீதிமன்றமும் 'அது' விகுதியில்: 'நீதிபதி விதித்தார்', 'நீதிமன்றம் விதித்தது'. 'அரசு விதித்தார்கள்' என்று எழுதி அனுப்பியவர் ஒருவர் உண்டு. அரசிடம் அவருக்கு அவ்வளவு மரியாதை.

கேள்வி: மாத்திரை அட்டையோடு கொடுக்கும் தாளுக்கு ஒரு வரி எழுதித் தாருங்கள். ஆங்கிலத்தில் 'பிரிஸ்கிரைப் செய்தபடி எடுத்துக்கொள்ளவும்' என்று இருக்கிறது.

'மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி சாப்பிடவும்' என்று போடலாம். ஆனால் சீட்டில் 1-0-1 என்றுதான் எழுதியிருப்பார்: காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அதை வாசிக்கத் தெரியாதவர் பலர். அதனால் கடைக்காரர் கையால் நிரப்ப இடம் விட்டு இப்படி அச்சிடுங்கள்: 'காலை __, மதியம் __, இரவு __. சாப்பாட்டுக்கு முன் / பின். மொத்தம் __ நாள்.' வினையே தேவைப்படவில்லை.